மாடிக்கு ஒரு சமையலறை

அத்தியாயம் பதினேழு

பல் துலக்கும்போதே பெரியவள் முடிவு செய்துவிட்டாள். இன்று சொல்லிவிடுவது.

என்ன சொல்வது என்பதிலும் குழப்பமில்லை. "போகாதே." அவ்வளவுதான். பச்சைக் குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் பெரியவள் வாயில் அது நுழைய மறுத்துப் பல வாரங்களாகிவிட்டன. இதற்குள் மாடிக்குக் குழாய் ஏறிவிட்டது, மின்சார ஒயர் ஏறிவிட்டது, தரைக்கு டைல்ஸும் ஒட்டியாகிவிட்டது.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்கு இரண்டு வரி. அண்ணன் தம்பி சேர்ந்து வாழும் வீடு இது. அண்ணன் மனைவி பெரியவள், தம்பி மனைவி சின்னவள். ஒன்பது வருடமாக இரண்டு பேருக்கும் ஒரே அடுப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது சின்னவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "அக்கா, நாங்க மாடில தனியா சமைச்சுக்கலாமான்னு ஒரு யோசனை. நீங்க என்ன சொல்றீங்க?"

பெரியவள் கையிலிருந்த போர்வையை விரித்தாள். போர்வையின் நான்கு மூலையையும் சேர்த்துப் பிடித்தாள், ஒருமுறை உதறினாள், மடித்தாள். பிறகு, "உங்க இஷ்டம்" என்றாள்.

வந்தது வினை.

இத்தனைக்கும் அவள் வாயில்லாப் பூச்சி இல்லை. பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. அங்கே அவள் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தால், எதிரே கத்திக்கொண்டிருக்கும் தகப்பன்மார்கள் தானாக உட்கார்ந்துவிடுவார்கள். வீட்டுக்குள் கால் வைத்தால் மட்டும் ஆளே வேறு. என்ன சமைக்கலாம் என்றால் "உங்க இஷ்டம்". திரைச்சீலை என்ன நிறம் என்றால் "உங்க இஷ்டம்". அதைப் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டிருந்தாள். பிறத்தியார் வீட்டுப் பெண்ணை அதிகாரம் பண்ணாத ஓரகத்தி என்று தன்னைப் பற்றி அவளுக்கு ஓர் எண்ணம்.

"இன்னிக்கு அலமாரி ஆர்டர் குடுக்கறீங்களா?" ஷூ லேஸைக் கட்டியபடி கேட்டார் கணவர். லிப்ட் மெக்கானிக். பாதி வழியில் நின்றுபோன லிப்டுக்குள் இருப்பவர்களோடு வெளியில் நின்று பேசிப் பழகிய மனிதர். எதற்கும் பதற மாட்டார்.

"ம்."

"அதுக்கு ஏன் இப்படி மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கே?"

"அவ போறது எனக்குப் பிடிக்கலைங்க."

"இதை அவகிட்ட சொன்னியா?"

"சொல்லணுமா? அவளுக்கே தெரிய வேண்டாமா?"

"எப்படித் தெரியும்? நீ உங்க இஷ்டம்னு சொன்னே. அவங்க இஷ்டப்படி பண்றாங்க. இதுல அவங்க மேல என்ன தப்பு?"

பெரியவள் டிபன் டப்பாவை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். நியாயமாகப் பேசும் கணவன் அமைந்தால் காலை நேரத்தில் இதெல்லாம் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

"இன்னிக்குச் சொல்லப் போறேன்," என்றாள்.

"ஆர்டர் குடுக்கறதுக்கு முன்னாடி சொல்லு. பலகையை வெட்டின பிறகு சொல்லி ஒரு பிரயோஜனமும் இல்லை."

*

சமையலறை அலமாரி செய்து தரும் கடைக்குள் இருவரும் நுழைந்ததும் சமையலறை சமையலறையாக நீண்டுகொண்டே போனது. எல்லாவற்றுக்கும் அடுப்பு உண்டு, குழாய் உண்டு, எதிலும் தண்ணீர் வராது. ஒவ்வொன்றிலும் ஒரு கிண்ணம் நிறைய பிளாஸ்டிக் பழம்.

சின்னவள் முன்னால் போனாள். மருந்துக்கடையில் வேலை செய்பவள். நல்ல உயரம். வீட்டில் பல்ப் மாற்ற ஸ்டூல் தேட மாட்டார்கள், அவளைத்தான் கூப்பிடுவார்கள். பெரியவளோ அவள் தோளுக்குக் கொஞ்சம் மேலே முடிந்துவிடுவாள். வீட்டில் மேல் தட்டில் இருப்பதெல்லாம் பெரியவளுக்கு வெளிநாட்டில் இருப்பதுபோல. சின்னவள் எடுத்துக் கொடுத்தால்தான் உண்டு.

அவர்களை வரவேற்ற பெண்ணின் கழுத்தில் அளவு டேப், கொண்டையில் பென்சில். பேர் சொன்னாள், இருவர் மனதிலும் நிற்கவில்லை. அளவுக்காரி என்றே இவர்களுக்குள் பதிந்துபோனாள். பேச்சு மட்டும் நிற்காமல் வந்தது.

"எல்லாரும் வந்தவுடனே கதவைப் பார்த்து மயங்கிடறாங்க. கதவு வெறும் முகம் மேடம். பெட்டிதான் உடம்பு. முதல்ல பெட்டியைப் பார்ப்போம்."

இரண்டு பெட்டிகளைத் திறந்து காட்டினாள். ஒன்றின் வாய் விளிம்பில் மரச்சட்டம் அடித்திருந்தது. "இது கெட்டி. கதவு தொங்காது. ஆனா சட்டம் உள்பக்கம் கொஞ்சம் இடத்தைத் தின்னுடும். டிராயர் ஒடுங்கிப் போகும். இந்த இன்னொண்ணுக்குச் சட்டம் கிடையாது. முழு அகலமும் உங்களுக்கு. ஆனா பலகை நல்லதா இருக்கணும். பலகை சொதப்பினா பெட்டியே கோணிக்கும்."

"சட்டம் இல்லாததே போடுங்க," என்றாள் சின்னவள். "டிராயர் அகலமா வேணும்."

"பெரிய மேடம் என்ன சொல்றீங்க?"

"அவங்க இஷ்டம்."

"சரி. பலகை? இது தூளை அழுத்திச் செஞ்சது. பார்க்க நல்லா இருக்கும். தண்ணி பட்டா ஊறின பிஸ்கட் கணக்கா உப்பிடும். இது பிளைவுட். கொஞ்சம் கனம். ஆனா திருகைப் போட்டா விடாது."

"பிளைவுட்."

"பெரிய மேடம்?"

"அவங்க சொன்னா சரிதான்."

அளவுக்காரி பென்சிலை எடுத்துக் காதுக்குமேல் செருகிக்கொண்டாள். "இங்க வர்ற மாமியார் மருமக, அக்கா தங்கச்சி எல்லாரும் கைப்பிடிக்கே அரை நாள் சண்டை போடுவாங்க. நான் நடுவுல நின்னு விசில் ஊதாத குறை. நீங்க ரெண்டு பேரும் என் தொழிலையே கெடுத்துடுவீங்க போலிருக்கே."

மூவரும் சிரித்தார்கள். பெரியவளுக்கு உள்ளுக்குள் பெருமைகூட. இப்போது சொல்லலாமா என்று நினைத்தாள். மூன்றாம் மனுஷி முன்னால் வேண்டாம் என்று தள்ளிப்போட்டாள்.

*

அந்தக் கடையில் ஒரு வழக்கம். படம் வரைவதற்குமுன் வந்தவர்களை ஒருமுறை சமைக்க வைத்துப் பார்ப்பார்கள். எரியாத அடுப்பு, காலிப் பாத்திரம், காலி டப்பாக்கள், பிளாஸ்டிக் காய். "வாயால சொல்றது ஒண்ணு, கை பண்றது இன்னொண்ணு. நான் கையைத்தான் நம்புவேன்," என்றாள் அளவுக்காரி. "வெக்கப்படாதீங்க. சாதாரண நாள்ல எப்படிச் சமைப்பீங்களோ அப்படி. ரெண்டு பேரும் வாங்க."

முதலில் இருவருக்கும் சிரிப்புத்தான் வந்தது. பெரியவள் பிளாஸ்டிக் காயைப் பலகையில் வைத்து நறுக்குவதுபோல் பாவனை செய்தாள். சின்னவள் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றினாள்.

பிறகு யாரும் சிரிக்கவில்லை. கைகள் தம்பாட்டுக்கு வேலையைப் பார்க்கத் தொடங்கின. பெரியவள் நறுக்கியதைத் தள்ளவும் சின்னவள் பாத்திரத்தைச் சரிக்கவும் சரியாக இருந்தது. சின்னவள் திரும்பிப் பார்க்காமலே இடது கையைப் பின்னால் நீட்டுவாள், உப்பு டப்பா வந்து உட்காரும். மறுபடி நீட்டுவாள், கரண்டி வரும். மூடி வரும். பெரியவள் ஒரு அடி நகர்ந்தால் சின்னவள் ஒரு அடி விலகுவாள். ஒருவர் முழங்கை ஒருவர்மேல் இடிக்கவில்லை. பக்கத்தில் கதவு பார்த்துக்கொண்டிருந்த ஒரு தம்பதி அதை விட்டுவிட்டு இவர்களைப் பார்த்தார்கள்.

"எவ்ளோ வருஷமா சேர்ந்து சமைக்கறீங்க?" என்றாள் அளவுக்காரி.

"ஒன்பது."

"இது ரெண்டு ஆள் சமையல் மேடம். ஆனா மாடி கிச்சன் ஒருத்தருக்குத்தானே? பெரிய மேடம், நீங்க கொஞ்சம் இப்படி வந்து நில்லுங்க. அவங்க தனியாப் பண்ணட்டும்."

பெரியவள் ஒதுங்கி, நடைபாதையில் போய் நின்றாள்.

சின்னவள் தனியாகக் காயை எடுத்தாள், நறுக்கினாள், பாத்திரத்தில் போட்டாள். கிளறினாள். பிறகு திரும்பிப் பார்க்காமல் இடது கையைப் பின்னால் நீட்டினாள்.

ஒன்றும் வரவில்லை.

கை அப்படியே கொஞ்ச நேரம் நின்றது, உள்ளங்கை விரிந்தபடி. பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது. திரும்பி, "பழக்கம் பாருங்க," என்று சிரிக்கப் பார்த்தாள். சரியாக வரவில்லை.

பெரியவள் அந்தக் கையையே பார்த்தாள். எத்தனை காலைகள் இந்தக் கையில் எத்தனை பொருளைக் கொடுத்திருப்பாள். எதையும் அவள் கொடுப்பதாக நினைத்ததில்லை, சின்னவளும் வாங்குவதாக நினைத்திருக்க மாட்டாள். இதை விட்டுவிட்டு மாடியில் போய் இவள் யாரிடம் கை நீட்டுவாள்?

சொல்ல வேண்டிய நேரம் அதுதான். அதைவிட நல்ல நேரம் அவளுக்கு இனி வாய்க்கப் போவதில்லை. அவளும் வாயைத் திறந்தாள்.

"இங்க பாரேன்..."

"சரி, அடுத்தது உயரம்!" என்றாள் அளவுக்காரி, டேப்பை உதறி விரித்துக்கொண்டு.

*

மேடை உயரம் ஆளைப் பார்த்து வைப்பது. செருப்பைக் கழற்றி நேராக நிற்க வேண்டும். கையை மடக்க வேண்டும். முழங்கைக்குக் கீழே ஓர் உள்ளங்கை அகலம் விட்டு மேடை. அளவுக்காரி சின்னவளை நிறுத்தி அளந்து, பக்கத்தில் இருந்த அளவுக் கட்டையில் பென்சிலால் ஒரு கோடு போட்டாள்.

"உங்களுக்கு இங்க வருது."

சின்னவள் கோட்டைப் பார்த்தாள். "இவ்ளோ உயரம் வேண்டாம். இன்னும் கீழ வைங்க."

"இங்கயா?"

"இன்னும்."

"மேடம், இதுக்குக் கீழ போனா நீங்க குனிஞ்சுதான் நிக்கணும். இடுப்பு போயிடும்."

"பரவாயில்லை, குனிஞ்சுக்கிறேன்."

இரண்டாவது கோடு விழுந்தது. பெரியவள் நின்ற இடத்திலிருந்தே அந்தக் கோட்டைப் பார்த்தாள். தன் முழங்கையைப் பார்த்தாள். மறுபடி கோட்டைப் பார்த்தாள். யாரும் கவனிக்காதபோது கையை லேசாக மடக்கி வைத்துப் பார்த்தாள். அளந்து வைத்ததுபோல் இருந்தது.

"மேல் அலமாரி கூரை வரைக்கும் தூக்கிடலாமா? நிறைய சாமான் பிடிக்கும்."

"வேண்டாங்க. எட்டாத உயரத்துல வெச்சு என்ன பண்றது? கை எட்டற மாதிரி ஒரே ஒரு வரிசை போதும்."

"நீங்க எட்டிடுவீங்களே!"

"நான் எட்டிடுவேன்," என்றாள் சின்னவள். 'நான்' என்பதில் ஓர் அழுத்தம் இருந்தது.

"கீழ கதவா, டிராயரா? கதவு போட்டா வேலை சுலபம்."

"எல்லாம் டிராயர். கதவைத் திறந்து உள்ள தலையை விட்டுத் தேடறதெல்லாம் முட்டி வலி இருக்கறவங்களால முடியாது. இழுத்தா எல்லாம் வெளிய வந்துடணும்."

பெரியவளின் இரண்டு முட்டிகளும் உட்கார்ந்து எழுந்தால் சத்தம் போடும். வீட்டில் எல்லோருக்கும் அந்தச் சத்தம் தெரியும்.

"கைப்பிடி? இப்பெல்லாம் கைப்பிடியே இல்லாம விளிம்புல விரலை வெச்சு இழுக்கற மாதிரிதான் போடறாங்க. நல்லா இருக்கும்."

"வேண்டாம். நாலு விரலும் உள்ள நுழையற மாதிரி பெரிய கைப்பிடி. காலைல விரல் மடங்காதப்பகூட இழுக்க வரணும்."

பெரியவளுக்குக் காலையில் விரல் மடங்காது. வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்திருந்தால்தான் வழிக்கு வரும்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. அதாவது, புரிந்துவிட்டதாக நினைத்தாள். இவள் தனியாகப் போகவில்லை. என்னையும் சேர்த்துத்தான் மாடிக்கு ஏற்றுகிறாள். என் உயரத்துக்கு மேடை, என் முட்டிக்கு டிராயர், என் விரலுக்குக் கைப்பிடி. சாயங்காலம் அலுவலகம் விட்டு வந்தால் நேரே மேலே போக வேண்டியதுதான். நான் நேராக நிற்பேன், இவள் குனிந்துகொள்வாள். பைத்தியக்காரி, வாயைத் திறந்து சொல்கிறாளா பார்!

சந்தோஷத்தில் அவளுக்குக் கண் கலங்கியது. வேண்டும் என்கிற மனசு இருக்கிறதே, அதற்கு எதைக் காட்டினாலும் தனக்கென்றே தோன்றும். இனி "போகாதே" என்று எதற்குச் சொல்வது? கேட்காமலே கிடைத்ததைக் கேட்டு வாங்கி ஏன் சின்னத்தனப்பட வேண்டும்? காலையிலிருந்து நாக்கின் நுனியில் வைத்திருந்த சொல்லை அவள் நிம்மதியாக விழுங்கிவிட்டாள்.

அதை நினைத்து அவள் பிற்பாடு எவ்வளவோ வருந்தினாள். ஆனால் அந்த நிமிடத்தில் அந்தக் கடையிலேயே அவளைவிடச் சந்தோஷமாக யாரும் இல்லை.

சின்னவள் கதவு மாதிரிகளின் முன்னால் நின்றிருந்தாள். நடுவில் பள்ளம் வைத்த கதவு, கண்ணாடிக் கதவு, வழுவழுவென்று ஒன்றுமே இல்லாத கதவு. பள்ளத்தில் தூசி சேரும் என்று வழுவழுப்பானதை எடுத்தாள். நிறம்தான் பாக்கி. இரண்டு பலகைகளைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

"அக்கா, வெள்ளையா, இந்தப் பச்சையா? நிஜமாக் கேக்கறேன். எது உங்களுக்குப் பிடிச்சிருக்கு?"

பெரியவள் முகமெல்லாம் சிரிப்பாக, "உங்க இஷ்டம்!" என்றாள்.

சின்னவள் ஒரு கணம் அவளையே பார்த்தாள். பிறகு வெள்ளையைக் கீழே வைத்தாள். "பச்சை," என்றாள் அளவுக்காரியிடம்.

ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடும்போது அளவுக்காரி எச்சரித்தாள். "சாயங்கால ஷிஃப்ட்ல பலகையை மெஷின்ல ஏத்திடுவாங்க. உங்க அளவுக்கு வெட்டினதை வேற யாருக்கும் போட முடியாது. அதனால வெட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை போன் பண்ணிக் கேப்போம். எந்த நம்பர்?"

சின்னவள் வழக்கம்போலப் பெரியவள் நம்பரைக் கொடுத்தாள். வீட்டு விஷயம் எதுவானாலும் அந்த நம்பர்தான். பெரியவள் பேனாவை மூடிவிட்டுப் பார்த்தபோது, சின்னவள் காட்சிக்கு வைத்த டிராயர் ஒன்றை இழுத்து இழுத்துத் தள்ளிக்கொண்டிருந்தாள். அது ஒவ்வொரு தடவையும் சத்தமில்லாமல் மெதுவாகப் போய் மூடிக்கொண்டது. அவள் முகத்தில் அப்படி ஒரு ஆசை. அதையும் பெரியவள் தன் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டாள்.

*

பஸ் நிறுத்தத்துக்கு வரும்போது சாயங்காலமாகிவிட்டது. கூட்டமில்லை. பெஞ்சில் உட்கார்ந்ததும் பெரியவளால் அதற்குமேல் அடக்க முடியவில்லை.

"எனக்காக இவ்ளோ யோசிச்சியா?"

"எதை அக்கா?"

"தெரியாத மாதிரி கேக்கறதைப் பாரு! மேடை உயரம், டிராயர், கைப்பிடி. அந்தப் பொண்ணு இடுப்பு போயிடும்னு சொன்னப்ப குனிஞ்சுக்கிறேன்னு சொன்னியே, எனக்கு அங்கயே அழுகை வந்துடுச்சு."

சின்னவள் முகம் வெளிறிப்போனது. கைப்பையின் வாரை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். மறுபடி சுற்றினாள்.

"அக்கா... அது எங்க அம்மாவுக்கு."

பெரியவளுக்குச் சட்டென்று எதுவும் ஏறவில்லை. "யாருக்கு?"

"எங்க அம்மாவுக்கு. அவங்களும் உங்க உயரம்தான். முட்டி, விரல், எல்லாம் மோசமாயிடுச்சு. இனிமே தனியா இருக்க முடியாது. அலமாரி மாட்டின மறுநாளே வந்துடறேன்னு சொல்லியிருக்காங்க. வீட்டைக் காலி பண்றதாவும் சொல்லியாச்சு. நான் பகல் பூரா கடையில இருப்பேன், அவங்கதானே சமையலறைல நிப்பாங்க? அதான் அப்படிச் சொன்னேன்."

"படி ஏறணுமே?"

"ஒரு தடவை ஏத்திட்டாப் போதும், இறங்கவே மாட்டேன்னு சொல்றாங்க."

"சின்னவருக்குத் தெரியுமா?"

சின்னவள் தலையை ஆட்டினாள். இல்லை என்று. "இவர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. தனியாப் போலாம்னு மட்டும்தான் சொல்லியிருக்கேன்."

பெரியவளுக்கு அவமானமாக இருந்தது. கடை நடுவில் கையை மடக்கி மடக்கிப் பார்த்தது நினைவுக்கு வந்து உடம்பெல்லாம் கூசியது. அதைவிடப் பெரிதாக வேறொன்று வலித்தது.

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொல்லத்தான் அக்கா வந்தேன்! அன்னிக்குத் துணி மடிச்சோமே, அன்னிக்கு. அம்மாவைக் கீழ நம்மகூடவே வெச்சுக்கலாமான்னு கேக்கணும். நேராக் கேக்க வாய் வரல. மாடிக்குப் போலாமான்னு ஆரம்பிச்சா, நீங்க 'எதுக்குடி போறே, என்ன விஷயம்'னு பிடிச்சுப்பீங்க, அப்பச் சொல்லலாம்னு இருந்தேன். நீங்க 'உங்க இஷ்டம்'னு சொல்லிட்டு அடுத்த துணியை எடுத்துட்டீங்க. அதுக்கு மேல எப்படி அக்கா நான் அம்மா பேச்சை எடுப்பேன்?"

பெரியவள் அவள் கையைப் பிடித்தாள். இவ்வளவு வாரமாக வராத சொல் இப்போது தடுக்க ஆளில்லாமல் வந்தது.

"போகாதே. நான் சொல்றேன், போகாதே. உங்க அம்மா கீழயே வரட்டும். எங்க ரூமைக் குடுத்துடறேன், நாங்க மாடிக்குப் படுக்கப் போறோம். சின்னவர்கிட்ட நான் பேசறேன். எனக்கு நீ போறது பிடிக்கலை. முதல் நாள்லேர்ந்தே பிடிக்கலை. உனக்குத் தெரியும்னு நினைச்சேன்."

சின்னவள் அழுதாள். பெரியவளின் கையை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு அழுதாள். பெரியவள் இதோ எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தாள்.

"இன்னிக்குக் காலைல சொல்லியிருந்தாக்கூட இருந்திருப்பேன் அக்கா."

"இப்ப மட்டும் என்ன ஆச்சு?"

சின்னவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நான் சொன்னா தப்பா எடுத்துக்கக் கூடாது."

"சொல்லு."

"இன்னிக்குப் பூரா அந்தம்மா என்னைக் கேட்டாங்க. பெட்டி எப்படி வேணும், டிராயர் எங்க வேணும், ஸ்பூன் எந்தப் பக்கம் வேணும்னு. ஒன்பது வருஷத்துல ஒரு ஸ்பூன் எங்க இருக்கணும்னு நான் முடிவு பண்ணினதே இல்லை அக்கா. நீங்க எதுக்கும் உங்க இஷ்டம்னுதான் சொல்வீங்க. ஆனா டப்பா எல்லாம் நீங்க வெச்ச இடத்துலதான் இருக்கும். ஒரு தடவை உப்பை ஜன்னல் பக்கம் மாத்தி வெச்சேன், ஞாபகம் இருக்கா?"

பெரியவளுக்கு ஞாபகம் இல்லை.

"மறுநாள் பழைய இடத்துலயே இருந்துச்சு. நீங்க திட்டல, ஒண்ணும் சொல்லல. எடுத்து அங்க வெச்சுட்டீங்க, அவ்ளோதான். நானும் அதுக்கப்புறம் எதையும் மாத்தல. எனக்குக் கோபம்கூட இல்லை அக்கா, சத்தியமா. அது உங்க சமையலறை, அப்படித்தான் இருக்கும்னு நினைச்சுக்கிட்டேன். அம்மாவுக்காகத்தான் இன்னிக்கு அந்தக் கடைக்குள்ள போனேன். வெளிய வரும்போது எனக்கே ஆசை வந்துடுச்சு. எனக்குன்னு ஒண்ணு வேணும்னு."

பெரியவள் தன் சமையலறையை நினைத்துப் பார்த்தாள். எந்தத் தட்டை நினைத்தாலும் அங்கே அவள் கை வைத்த ஒழுங்குதான் இருந்தது. பின்னால் நீண்ட அந்தக் கையில் அவள் உப்பைக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். உப்பு எங்கே இருக்க வேண்டும் என்று மட்டும் ஒரு நாளும் கேட்டதில்லை. அந்தப் பெண்ணைக் கண் கலங்காமல் வைத்திருந்தேன் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள். நினைக்க நினைக்க அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக வந்தது.

"அதை நீயாவது சொல்லியிருக்கலாம்," என்றாள் மெல்ல.

"ஆமா அக்கா. சொல்லியிருக்கலாம்."

அப்போது போன் அடித்தது. புது நம்பர். பின்னால் மெஷின் சத்தத்தோடு அளவுக்காரியின் குரல் பெஞ்ச் முழுவதும் கேட்டது.

"மேடம், பலகை மெஷின்ல ஏறியாச்சு. அந்த மேடை உயரத்தை மட்டும் ஒரு தடவை கேட்டுக்கலாம்னு. ரொம்பத் தாழ்வா இருக்கேன்னு இங்க எல்லாரும் கேக்கறாங்க. ஏதாவது மாத்தணும்னாலும் சரி, நிறுத்தி வெக்கணும்னாலும் சரி, இப்பவே சொல்லிடுங்க. வெட்டிட்டா ஒண்ணும் பண்ண முடியாது."

பெரியவள் சின்னவளைப் பார்த்தாள். சின்னவள் தலையைத் திருப்பிக்கொண்டு, பஸ் வரும் பக்கம் பார்த்தாள். வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கைப்பை வாரைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் வெளுத்திருந்தன.

நிறுத்துங்கள் என்றால் நின்றுவிடும். சின்னவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டாள். நாளைக் காலை வழக்கம்போல வந்து நின்று, பின்னால் கையை நீட்டுவாள்.

"மேடம்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்," என்றாள் பெரியவள். "உயரம் அதேதான். அவங்க சொன்னதுல எதையும் மாத்த வேண்டாம். வெட்டிடுங்க."

போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடிய பிறகு அவள் அழுதாள்.